ரெஃபரன்ஸ் சிக்கினால்: அறிகுறி பார்த்து அவிழ்க்கும் வழி

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. நான் சமூகவியலில் எம்.ஏ. முடித்தவன் என்பது எப்படியோ கசிந்துவிட்டது. ஜனவரி பிறந்தால் போதும், புராஜெக்ட் எழுதும் பிள்ளைகள் பிரிண்ட் எடுக்க வந்த கையோடு ஆங்கிலக் கட்டுரையையும் மேஜையில் வைப்பார்கள். "அண்ணா, பிராக்கெட்டுக்குள்ள இருக்கிற இந்த ஆளு யாருங்க?" ரெஃபரன்ஸில், அதாவது ஒரு விஷயம் எந்த நூலிலிருந்து எடுத்தது என்று காட்டும் குறிப்பில், தமிழ் மீடியத்துப் பிள்ளைகளும் மலையாள மீடியத்துப் பிள்ளைகளும் சிக்குவது ஒரே இடங்களில்தான். அந்த இடங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்களுக்கு வந்திருக்கும் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்குப் போய், மேலிருந்து கீழாகப் பாருங்கள். மேலே இருப்பது உட்கார்ந்த இடத்தில் தீர்வது. கீழே போகப் போகப் பஸ் செலவு.

அறிகுறி: கட்டுரைக்குள் பெயரும் ஆண்டும் இருக்கிறது, கடைசியில் ஆளைக் காணோம்

முதலில், கடைசிப் பக்கங்கள் உங்களிடம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இது பாதி எங்கள் தொழில் செய்யும் குற்றம். பலர் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்த புத்தகத்திலிருந்து ஒரு இயலை மட்டும் ஜெராக்ஸ் போட்டிருப்பார்கள். சில தொகுப்புகளில் ரெஃபரன்ஸ் பட்டியல் ஒவ்வொரு இயலின் முடிவிலும் வரும், சிலவற்றில் புத்தகத்தின் கடைசியில் ஒன்றாக வரும். இரண்டாவது வகை என்றால் உங்கள் கையில் இருக்கும் இருபது தாளை எத்தனை முறை புரட்டினாலும் ஆள் கிடைக்கமாட்டார். புத்தகத்தைத் திரும்ப எடுத்து, பட்டியல் பக்கங்களையும் அட்டைக்கு அடுத்த விவரப் பக்கத்தையும் சேர்த்துப் படி எடுங்கள்.

*பட்டியல் இருக்கிறது, ஆள் இல்லை என்றால்* எழுத்தை மாற்றித் தேடுங்கள். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸை 'எம்'மில் தேடினால் வரமாட்டார், 'எஸ்'ஸில் இருப்பார். நம் பக்கத்துப் பெயர்களில் இன்ஷியல் முன்னால் நிற்கும். பட்டியலில் அது பின்னால் போய்விடும். வெளிநாட்டுப் பதிப்பாளர் சிலர் நம் பெயரில் எது அப்பா பெயர், எது சொந்தப் பெயர் என்று குழம்பி மாற்றிப் போடுவதும் உண்டு. அதனால் பெயரின் ஒவ்வொரு துண்டின் கீழும் ஒருமுறை பாருங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருக்கவும் வாய்ப்பு உண்டு. 1800ல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கோயம்புத்தூர், பாலக்காடு என்று நம் வழியாகவே போய், 1807ல் மூன்று தொகுதிகளாகப் பயண நூல் வெளியிட்ட பிரான்சிஸ் புக்கானன், பிற்காலத்தில் ஹாமில்டன் என்ற பெயரை ஏற்றுக்கொண்டவர். ஒரு கட்டுரையில் 'பி'யில் இருப்பார், இன்னொன்றில் 'எச்'சில் இருப்பார்.

*பெயருக்குப் பின்னால் 'எட் அல்.' என்று இருந்தால்* அதற்கு 'மற்றும் பிறர்' என்று பொருள். முதல் பெயரை வைத்துத் தேடுங்கள். ஏ.பி.ஏ. என்பது அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ரெஃபரன்ஸ் முறை. அதன் ஏழாம் பதிப்பு 2019ல் வந்தது. அதிலிருந்து, மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து எழுதியிருந்தால் முதல் தடவையே 'எட் அல்.' போட்டுவிடுகிறார்கள். ஆறாம் பதிப்பில் மூன்று முதல் ஐந்து பேர் வரை இருந்தால் முதல் தடவை எல்லாப் பெயரும் வரும், அப்புறம்தான் சுருங்கும். பழைய கட்டுரையில் ஒரே ஆய்வு ஒரு பக்கத்தில் நீளமாகவும் அடுத்த பக்கத்தில் குட்டையாகவும் தெரிவது இதனால்தான்.

*பெயருக்குப் பதில் மூன்று எழுத்து மட்டும் இருந்தால்* அது அலுவலகம். ஜி.ஓ.ஐ. என்றால் இந்திய அரசு, ஜி.ஓ.கே. என்றால் பெரும்பாலும் கேரள அரசு. கர்நாடகம் பற்றிய கட்டுரை என்றால் கர்நாடக அரசு. பட்டியலில் இது சுருக்கத்தின் கீழும் இருக்கும், விரிவின் கீழும் இருக்கும், சில சமயம் 'சென்சஸ்' என்ற தலைப்பின் கீழும் இருக்கும். ஜி.ஓ. என்று இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும் வந்தால் அது அரசாணை. அதற்குக் கீழே தனித் தலைப்பு இருக்கிறது.

*'இன்னாரில் மேற்கோள் காட்டப்பட்டபடி' என்று இருந்தால்* கட்டுரை ஆசிரியர் மூல நூலைப் படிக்கவில்லை, இரண்டாவது ஆளின் நூலில்தான் அதைப் பார்த்தார் என்று அர்த்தம். ஏ.பி.ஏ. முறையில் பட்டியலில் இரண்டாவது ஆள் மட்டுமே இருப்பார், முதல் ஆளைத் தேட வேண்டாம். நேரிலோ போனிலோ பேசியது, மின்னஞ்சலில் வந்தது என்று குறித்திருந்தாலும் அந்த முறையில் பட்டியலுக்குப் போகாது.

இத்தனையும் பார்த்தாயிற்று, இன்னும் இல்லை என்றால் ஆசிரியர் மறந்துவிட்டார். நல்ல இதழ்களிலும் நடக்கிறது. கூகுள் ஸ்காலரில் பெயர், ஆண்டு, பொருளைச் சொல்லும் ஒரு சொல், இந்த மூன்றையும் போட்டு இருபது நிமிடம் தேடுங்கள். அதற்கு மேல் உட்காராதீர்கள். கல்லூரி நூலகரிடம் போங்கள். இது அவருக்குத் தினசரி வேலை, கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அறிகுறி: பெயரே இல்லை, தலைக்கு மேல் ஒரு குட்டி எண் மட்டும்

பக்கத்தின் அடியைப் பாருங்கள். அங்கே இல்லை என்றால் கட்டுரையின் முடிவில் 'குறிப்புகள்' என்ற தலைப்பைப் பாருங்கள். இரண்டிலும் இல்லாமல், ரெஃபரன்ஸ் பட்டியலுக்கே 1, 2, 3 என்று எண் போட்டிருந்தால் அந்த எண்தான் இது. சமூக அறிவியலில் அபூர்வம், பொதுச் சுகாதாரம் சம்பந்தப்பட்ட கட்டுரைகளில் நிறைய வரும்.

*எண் புள்ளிவிவரத்தோடு ஒட்டிக்கொண்டால்* ஆபத்து. பி.டி.எஃப்.பில் இருந்து காப்பி செய்து வேர்டில் ஒட்டும்போது குட்டி எண் கீழே இறங்கிப் பக்கத்து எண்ணோடு சேர்ந்துவிடும். ஒரு பையன் புராஜெக்டில் 12,403 தோட்டத் தொழிலாளர்கள் என்று எழுதியிருந்தான். கட்டுரையில் இருந்தது 1,240 பேரும் மூன்றாம் அடிக்குறிப்பும்தான். ஒட்டும்போது 1,2403 என்று வந்திருக்கிறது, கமா தப்பாக இருக்கிறதே என்று அவனே நகர்த்தி வைத்துவிட்டான். ஆண்டிலும் இதே கதைதான், 1956 என்பது 19564 ஆகிவிடும். காப்பி செய்த எந்த எண்ணையும் மூலப் பக்கத்தோடு கண்ணால் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

அறிகுறி: அடிக்குறிப்பு முழுக்க 'இபிட்.', 'ஆப். சிட்.'

இவை லத்தீன். இபிட். என்றால் 'அதே இடம்', அதாவது இதற்கு நேர் மேலே உள்ள குறிப்பில் சொன்ன நூல். ஒரு படி மேலே போங்கள். அங்கேயும் இபிட். இருந்தால் இன்னொரு படி. ஆப். சிட். என்றால் 'முன்பு சொன்ன நூல்'. இது நேர் மேலே இருக்காது, பத்துப் பக்கம் முன்னால்கூட இருக்கும். பி.டி.எஃப்.பில் அந்தக் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடி, முதலில் வரும் இடத்துக்குப் போனால் முழு விவரமும் கிடைக்கும்.

*நேர் மேலே உள்ள நூலுக்கும் சொல்லும் விஷயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றால்* ஆசிரியர் திருத்தி எழுதும்போது நடுவில் புதிதாக ஒரு குறிப்பைச் செருகியிருப்பார், பழைய இபிட். அனாதையாகியிருக்கும். இன்னும் ஒரு படி மேலே பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சிகாகோ முறை என்று இன்னொரு ரெஃபரன்ஸ் முறை உண்டு. அதன் பதினேழாம் பதிப்பு, 2017ல், இபிட்.டைத் தவிர்த்துச் சுருக்கப் பெயர் போடச் சொன்னது. எனக்கும் அந்தச் சொல்லைக் கண்டால் ஆகாது. படிக்கும்போதே ஒவ்வொரு இபிட்.டின் பக்கத்திலும் பென்சிலால் ஆள் பெயரை எழுதிக்கொண்டே போனால் அரை மணி நேரம் மிச்சம்.

அறிகுறி: ஆண்டு இடிக்கிறது

"அண்ணா, வெபர் 1920ல செத்துட்டாருன்னு வகுப்பில சொன்னாங்க. இங்க வெபர் 1930ன்னு இருக்கு. பத்து வருஷம் கழிச்சு எழுந்து வந்து எழுதினாரா?" என்று ஒரு பெண் கேட்டாள். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நியாயமானது. புராட்டஸ்டண்ட் அறம் பற்றிய அந்த ஆய்வை வெபர் ஜெர்மன் மொழியில் எழுதியது 1904, 1905ல். டால்காட் பார்சன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930ல் வந்தது. கட்டுரை ஆசிரியர் கையில் வைத்திருந்தது அந்த மொழிபெயர்ப்பு.

சாதி பற்றிய கட்டுரைகளில் இந்த வியாதி லூயி டூமோனிடம்தான் அதிகம். அவருடைய ஹோமோ ஹையரார்கிகஸ் பிரெஞ்சில் 1966, ஆங்கிலத்தில் 1970, திருத்திய ஆங்கிலப் பதிப்பு 1980. மூன்று கட்டுரைகளில் மூன்று ஆண்டு இருந்தாலும் மூன்றுமே சரி. சதுர அடைப்புக்குள் ஒரு ஆண்டும் வெளியே ஒரு ஆண்டும் சேர்ந்து நின்றால், ஒன்று முதலில் வந்த ஆண்டு, மற்றது ஆசிரியர் படித்த பதிப்பு. நம் ஊர் விஷயத்தில் வில்லியம் லோகனின் மலபார் மானுவல் இதே மாதிரி. முதலில் வந்தது 1887, சென்னை அரசு அச்சகம் மறுபடி அச்சிட்டது 1951. 'லோகன் 1951' என்று பார்த்துவிட்டு, சுதந்திரத்துக்குப் பிறகு மலபார் எப்படி இருந்தது என்று அவர் சொல்கிறார் என ஒரு பிள்ளை எழுதி, வைவாவில் மாட்டிக்கொண்டது.

*அதனால்:* யார் முதலில் சொன்னார், எந்தக் காலத்து நிலைமை என்று பேசும்போது முதல் ஆண்டைப் பாருங்கள். பக்க எண் கொடுக்கும்போது கையில் இருக்கும் பதிப்பைப் பாருங்கள்.

*ஒரே ஒரு வருஷம்தான் வித்தியாசம் என்றால்* கட்டுரை முதலில் இணையத்தில் வந்து, அடுத்த வருஷ இதழில் அச்சாகியிருக்கும். விட்டுவிடலாம்.

*ஆண்டுக்குப் பின்னால் ஏ, பி என்று எழுத்து இருந்தால்* அந்த ஆசிரியர் அந்த ஆண்டில் எழுதிய இரண்டு படைப்புகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். அந்த எழுத்து அந்தக் கட்டுரையின் பட்டியலுக்கு மட்டும்தான் செல்லும். இந்தக் கட்டுரையின் 1998ஏ, அடுத்த கட்டுரையில் 1998பி ஆக இருக்கலாம். எழுத்தை அப்படியே உங்கள் புராஜெக்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

அறிகுறி: சொன்ன பக்கத்துக்குப் போனால் விஷயம் அங்கே இல்லை

கணினித் திரையின் பக்க எண்ணும் தாளில் அச்சான பக்க எண்ணும் வேறு வேறு. திரையில் 3/16 என்று இருக்கும், தாளில் 483 என்று இருக்கும். குறிப்பில் சொல்வது தாளின் எண்ணை.

481–96 என்றால் பின்னோக்கிப் படிக்கச் சொல்லவில்லை. 481 முதல் 496 வரை. 15(4) என்றால் பதினைந்தாம் தொகுதி, நான்காம் இதழ்.

மேலே சொன்ன இரண்டு எண்ணும் ஒரே கட்டுரையின் எண்கள். சீனிவாஸ் 1956ல் சமஸ்கிருதமயமாக்கம் பற்றி எழுதிய குறிப்பு அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. அதே கட்டுரை 1962ல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பிலும் சேர்ந்தது, அங்கே பக்க எண் வேறு. ஆண்டையும் பக்கத்தையும் ஜோடியாகவே பாருங்கள். ஒன்றை இங்கிருந்தும் மற்றதை அங்கிருந்தும் எடுத்தால் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

*தொகுதி எண் சரி, ஆண்டு சரி, ஆனால் கட்டுரை வேறு என்றால்* இதழின் பெயர் மாறியதா என்று பாருங்கள். எக்கனாமிக் அண்டு பொலிட்டிக்கல் வீக்லி 1966ல் தொடங்கியது. அதற்கு முன் 1949 முதல் அது எக்கனாமிக் வீக்லி. 1966ல் தொகுதி எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். ஆக, ஏழாம் தொகுதி என்றால் பழைய பெயரில் 1955, புதிய பெயரில் 1972. இந்தியக் கிராமங்களைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரைகள் சில ஐம்பதுகளில் வந்தவை, அவற்றைத் தேடுகிறவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை விழுந்து எழுந்திருக்கிறார்கள். நானும்தான்.

அறிகுறி: ஒரே அடைப்புக்குள் ஆறு பேர் நிற்கிறார்கள். இதை யார் சொன்னது?

ஆறு பேரும் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பொருளைத் தொட்டு எழுதியவர்களின் கூட்டம் அது. ஏ.பி.ஏ. முறையில் அகரவரிசையில் நிற்பார்கள், வேறு சில முறைகளில் ஆண்டு வரிசையில். முதலில் நிற்பதால் ஒருவர் முக்கியமானவர் ஆகிவிடமாட்டார்.

முதல் சோதனை, அடைப்பு எங்கே நிற்கிறது என்பது. வாக்கியத்தின் நடுவில் நின்றால் அதற்கு முந்தைய பகுதிக்கு மட்டும்தான் அவர்கள் பொறுப்பு. மீதி வாக்கியம் கட்டுரை ஆசிரியரின் சொந்தக் கருத்து. அதையும் சேர்த்து அந்த ஆறு பேர் தலையில் கட்டுவது புராஜெக்டுகளில் நான் அதிகம் பார்க்கும் தப்பு.

இரண்டாவது, பெயருக்கு முன்னால் ஒரு சொல் இருக்கிறதா என்பது. 'பார்க்க' என்றால் ஆதரவு. 'மேலும் பார்க்க' என்றால் கொஞ்சம் தள்ளி நிற்கும் ஆதரவு. 'ஆனால் பார்க்க' என்றால் எதிர்க்கட்சி. சி.எஃப். என்று இரண்டு எழுத்து இருந்தால் 'ஒப்பிட்டுப் பார்க்க' என்று பொருள், பெரும்பாலும் மாறுபட்ட கருத்து அங்கே இருக்கும். சி.எஃப்.ஐ 'பார்க்க' என்று நினைத்து, கட்டுரையை மறுத்து எழுதியவரையே அதன் ஆதரவாளர் என்று எழுதி வைத்தவர்கள் உண்டு.

இரண்டு சோதனையிலும் தெளியவில்லை என்றால், ஆறில் உங்களுக்குத் தேவையான இரண்டு பேரின் கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் படியுங்கள். எந்த இரண்டு என்று தெரியாவிட்டால் கைடிடம் கேளுங்கள். இது கடைக்காரனோ நூலகரோ சொல்லக்கூடியது அல்ல, அந்தத் துறையில் ஊறியவருக்குத்தான் தெரியும்.

அறிகுறி: அரசாணை எண், ஆவணக் காப்பகச் சுருக்கம், பழைய சென்சஸ்

எல்லைப் பக்கத்தில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி.

டி.என்.ஏ. என்று மூன்று எழுத்து. தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் அது, லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகமும் அது. எழும்பூருக்கு ரயில் ஏறுவதா, ஆசையை விடுவதா என்பது அதைப் பொறுத்தது! கட்டுரையின் முதல் அடிக்குறிப்பிலோ முடிவிலோ சுருக்கங்களின் பட்டியல் இருக்கும், முதலில் அங்கே பாருங்கள். அது இல்லை என்றால் எண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். அரசாணை, வருவாய்த் துறை என்று வந்தால் சென்னை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சென்சஸ் விஷயத்தில் இன்றைய வரைபடத்தை மறந்துவிட வேண்டும். பாலக்காடு மாவட்டம் பிறந்தது 1957 ஜனவரி 1ல். அதற்கு முன் பாலக்காடு நகரம் மலபார் மாவட்டம், சென்னை மாகாணம். நம் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானம், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி. 1951 சென்சஸில் பாலக்காட்டுக் கணக்கு சென்னை அறிக்கையில் இருக்கும், சித்தூர்க் கணக்கு திருவிதாங்கூர்-கொச்சி அறிக்கையில் இருக்கும். பஸ்ஸில் அரை மணி தூரம், காகிதத்தில் வேறு நாடு. செங்கோட்டை, நாகர்கோவில் பக்கத்து நண்பர்களுக்கு இது தலைகீழ்: பழைய கணக்கை அவர்கள் திருவிதாங்கூரில் தேட வேண்டும். ஊர்ப் பெயரையும் 'பால்காட்' என்று பழைய எழுத்தில் ஒருமுறை தேடுங்கள்.

மூல ஆவணம் கட்டாயம் வேண்டும் என்றால் அது செலவு பிடித்த வேலை. கொச்சி சமஸ்தானக் கோப்புகளுக்கு எர்ணாகுளம் மண்டல ஆவணக் காப்பகம், மலபார்க் கோப்புகளுக்குக் கோழிக்கோடும் சென்னையும். கைடிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு, குறிப்பில் உள்ள எண்ணை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே ஆய்வு அறையில் இருப்பவர்தான் உங்கள் மெக்கானிக். இளங்கலைப் புராஜெக்டுக்கு இவ்வளவு தூரம் தேவையில்லை, கட்டுரையை மேற்கோள் காட்டினால் போதும்.

அறிகுறி: எங்கே தேடினாலும் அப்படி ஒரு கட்டுரையே இல்லை

லிங்க் செத்திருக்கலாம். டி.ஓ.ஐ. எண், அதாவது கட்டுரைக்கென்று கொடுத்த நிரந்தர அடையாள எண், இருந்தால் அதை எடுங்கள், 10 என்று தொடங்கி நடுவில் ஒரு சாய்கோடு இருக்கும். டி.ஓ.ஐ. தளத்தில் ஒட்டினால், இதழ் முகவரி மாறியிருந்தாலும் கொண்டுபோய் விடும். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் முற்றுப்புள்ளியை மட்டும் நீக்கிவிடுங்கள், பாதிப் பேருக்கு அந்தப் புள்ளியால்தான் திறப்பதில்லை. எண் வேறு கட்டுரைக்குக் கொண்டுபோனால் சந்தேகப்படுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடு என்றால் சோத்கங்கா என்ற இணையதளத்தில் பாருங்கள்.

அடுத்து, இதழின் தளத்தில் அந்தத் தொகுதி, அந்த இதழின் பொருளடக்கத்தைத் திறந்து, சொன்ன பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேறு தலைப்பு இருந்தால் குறிப்பு தப்பு. அப்படி ஒரு இதழே இல்லை என்றால் அது பிறக்காத கட்டுரை. ஏ.ஐ. வந்த பிறகு இது வாரத்துக்கு ஒன்றாவது கடைக்கு வருகிறது: ஆசிரியர் நிஜம், இதழ் நிஜம், கட்டுரை மட்டும் கற்பனை. ஆனால் வியாதி பழையது. ஒரு பெரிய பதிப்பகம், ரெஃபரன்ஸ் எப்படி எழுதுவது என்று காட்ட மாதிரிக்கு ஒரு கட்டுரையை 2000 என்று ஆண்டு போட்டு வைத்திருந்தது. அந்த இல்லாத கட்டுரையைக் கிட்டத்தட்ட 400 இடங்களில் மேற்கோள் காட்டியிருந்ததை 2017ல் பேராசிரியர் அன்-வில் ஹார்சிங் எடுத்துக் காட்டினார். எத்தனை கட்டுரைகளில் ஒரு குறிப்பு இருக்கிறது என்பதை வைத்து அது நிஜம் என்று முடிவு செய்ய முடியாது.

இன்னும் சந்தேகம் இருந்தால் கட்டுரை ஆசிரியருக்கே எழுதுங்கள். முதல் பக்கத்தின் அடியில் மின்னஞ்சல் இருக்கும். எந்தப் பக்கம், எந்தப் பெயர், எங்கெல்லாம் தேடினீர்கள் என்று நான்கு வரி போதும், ஆங்கிலம் தப்பாக இருந்தால் பரவாயில்லை. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்த வாக்கியத்தைப் புராஜெக்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடைக்கு வருவதானால் கட்டுரையின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கங்களையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். சிக்கிய தாளை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், உங்களுக்குத் தெரிகிற அளவுதான் எனக்கும் தெரியும்.